புதுப்பிப்பு: ரேலி விளையாட்டு, ஒரு மாதத்துக்குப் பிறகு
புதிதாக வாங்கிய ரேலி பந்தய வீடியோ விளையாட்டில் கார் சரளை மண்ணில் கட்டுக்கு அடங்காமல் வழுக்குகிறது என்று சென்ற மாதம் இந்த இழையில் குறைபட்டிருந்தேன். அதில் பாதிக் குறை என்னுடையதே. வளைவுக்கு முன் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் சற்றே ஒடித்து, பிரேக்கைத் தொட்டு எடையை முன்சக்கரங்களுக்கு மாற்றி, பின்புறம் சறுக்கத் தொடங்கிய கணத்தில் வளைவை நோக்கித் திருப்பினால், கார் தானாகவே உள்ளே பாய்கிறது. அந்தச் சுகத்துக்காகவே ஒரே ஸ்டேஜை (பந்தயப் பாதையின் ஒரு பகுதியை) நள்ளிரவு வரை ஓட்டினேன்.

ஆனால் முன்னால் வரும் வளைவுகளைச் சொல்லித் தரும் துணை ஓட்டுநரின் குரல் பிந்துவது, திருத்தக் கோப்பு வந்த பிறகும் மாறவில்லை: "இடது மூன்று" (வளைவின் திசையும் கூர்மையும்) என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் மரத்தில் மோதி நிற்கிறேன். (1998இல் வந்த 'காலின் மெக்ரே ரேலி' விளையாட்டில் துணை ஓட்டுநராகப் பேசிய நிக்கி கிரிஸ்டின் குரலை நம்பி ஓட்டிப் பழகியவனுக்கு இது பெரிய ஏமாற்றம்.) சேதக் கணக்கும் விசித்திரமானது, முன்விளக்குகள் நொறுங்கியும் இரவு ஸ்டேஜில் வெளிச்சம் குறையவே இல்லை.