புதுப்பிப்பு: பாதியில் இறுகிய வீல் நட் கழன்றுவிட்டது

வீலைத் திரும்ப மாட்டும்போது ஒரு நட் மூன்றாவது சுற்றிலேயே இறுகி, முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றதைப் போன வாரம் எழுதியிருந்தேன். இன்று கழன்றது. எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்து, கொஞ்சம் பின்னால், கொஞ்சம் முன்னால் என்று பொறுமையாக எடுத்தேன். நட்டுக்குள் கம்பிச் சுருள் மாதிரி உரிந்த மரை! கோணலாக ஏறியிருக்கிறது.

டை (மரையைச் சீராக்கும் கருவி) ஓட்டினால் போதும் என்று அந்தப் பதிவைப் படித்துச் சிலர் சொன்னீர்கள். ஆனால் ஸ்டட்டில், அதாவது நட் ஏறும் போல்ட்டில், முதல் மூன்று மரை மழுங்கிப்போயிருந்தது. சக்கர விஷயத்தில் எனக்கு மனசு வரவில்லை. பழைய ஸ்டட்டைத் தட்டி இறக்கிவிட்டு, புதியதை வாஷர் அடுக்கி, நட்டை முறுக்கி இழுத்து ஹப்பில் (வீல் மாட்டும் நடுப்பகுதி) உட்கார வைத்தேன். நட்டும் புதுசு. இப்போது எல்லா நட்டும் விரலாலேயே அடிவரை ஓடுகிறது. 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) வைத்து மறுபடி பார்ப்பேன்.