டவுன்டெம்போ: தாழ்நடையா, கீழ்க்காலமா?

அன்புடையீர், வணக்கம்.

தென் ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசையையும் லத்தீன் அமெரிக்கத் தாளங்களையும் டவுன்டெம்போ எனப்படும் மெதுவான மின்னணு இசையோடு சேர்த்துச் செய்யும் வகைக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டு நம் கலைச்சொல் குழுவுக்கு வந்த மடலுக்கு ‘மென்கலப்பிசை’, ‘இணைவிசை’, ‘தாழ்நடை மின்னிசை’ என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றாவதே வழியைச் சரியாகப் பிடித்திருக்கிறது என்பது என் கருத்து. ஆயினும் அதிலும் ஒரு சொல்லை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன்.

‘இணைவிசை’யை முதலில் ஒதுக்கிவிடலாம். பரிந்துரைத்த நண்பர் இணைவு + இசை என்று பிரிக்கிறார். இயற்பியல் படித்த எவரும் இணை + விசை என்றுதான் பிரிப்பார்கள். புணர்ச்சியில் பொருள் மாறிப்போகும் கலைச்சொல்லை ஒவ்வொரு முறையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

‘மென்கலப்பிசை’யில் உள்ள சிக்கல் வேறு. ‘மென்’ என்றதும் நம் காது மெல்லிசைக்குப் போய்விடுகிறது. மெல்லிசைக் கச்சேரி என்றால் என்ன என்பது ஊரறிந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் ‘கலப்பு’. ஃபிளமெங்கோ, லத்தீன், மின்னணு என்று தனித்தனியாக இருந்த மூன்றை ஒருவர் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கினார் என்ற எண்ணத்தை அந்தச் சொல் தருகிறது. நடந்தது அதுவன்று. தென் ஸ்பெயினின் அந்தலூசியாவிலிருந்து கியூபாவுக்கும் பிற குடியேற்றங்களுக்கும் கடல் கடந்து போனவர்கள் அங்கிருந்து திரும்பக் கொண்டுவந்த பாட்டு வடிவங்களுக்கு ஸ்பானிய மொழியில் ‘போய்வந்த பாட்டுகள்’ என்றே பொருள்படும் பெயர் உண்டு. குவாஹிராவும் கொலம்பியானாவும் அந்த வரிசையில் வருபவை. ஃபிளமெங்கோ ரும்பாவின் ‘ரும்பா’ என்ற பெயரே கியூபாவிலிருந்து வந்தது. இன்று ஃபிளமெங்கோ மேடையில் தவறாமல் காணப்படும் கஹோன் என்ற மரப்பெட்டி கூடப் பெரு நாட்டின் ஆப்பிரிக்க வம்சாவளியினருடையது. 1970களின் பிற்பகுதியில் ஃபிளமெங்கோ கித்தார் கலைஞர் பாக்கோ தெ லூசியா அதை எடுத்து வந்த பிறகே அது ஃபிளமெங்கோவுக்குள் நிலைபெற்றது. ஆகவே கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே ஃபிளமெங்கோவும் லத்தீன் அமெரிக்காவும் கலந்துவிட்டன. புதிதாக வந்தது வேகமும் கருவியும் மட்டுமே. பெயர் அந்தப் புதுமையைச் சொன்னால் போதும்; பழைய கலப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா ஃபிளமெங்கோ வடிவங்களும் மின்னணுத் தாளத்தின் மேல் எளிதாக உட்காருவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சோலேயா, புலெரியாஸ் ஆகியவை பன்னிரண்டு எண்ணிக்கைச் சுற்றில் நடப்பவை. அழுத்தம் 3, 6, 8, 10, 12 ஆகிய எண்களில் விழும். பன்னிரண்டிலிருந்து எண்ணத் தொடங்கினால் சுற்று 3+3+2+2+2 என்று பிரியும். நேற்றிரவு நிமிடத்துக்கு 90 அடி என்ற வேகத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஒரு நான்கடிச் சுழலைக் கணினியில் ஓடவிட்டு, அதன் மேல் இந்தப் பன்னிரண்டை மேசையில் தட்டிப் பார்த்தேன். ஐந்து அழுத்தங்களில் 12, 8 ஆகிய இரண்டு மட்டுமே சுழலின் தலையடியோடு சேர்ந்தன. மற்ற மூன்றும் இடறிக்கொண்டே இருந்தன. (வீட்டில் உள்ளவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.) நான்கடியில் அமைந்த ரும்பா, தாங்கோஸ் ஆகிய ஃபிளமெங்கோ வடிவங்களைப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. இவ்வகை இசையில் அவ்விரண்டும் அதிகம் ஒலிப்பதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

இப்போது டவுன்டெம்போவுக்கு வருகிறேன். ‘தாழ்நடை’ என்ற பரிந்துரைக்கு வலுவான பின்புலம் உண்டு. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் இயக்கம் (பாட்டின் செலவு) நான்கு என்று சொல்லி முதனடை, வாரம், கூடை, திரள் என அவற்றை வரிசைப்படுத்துகிறார். முதனடை தாழ்ந்த செலவுடையது, திரள் முடுகிய நடையுடையது. ஆனால் இன்று மிருதங்கம் பயிலும் மாணவரிடம் ‘நடை’ என்று சொன்னால், ஓர் அடிக்குள் எத்தனை உட்பிரிவு என்பதே அவருக்குத் தோன்றும். திஸ்ர நடை, கண்ட நடை என்பவை வேகத்தைக் குறிப்பவை அல்ல. இசையறிந்தவரையே குழப்பும் சொல்லை இசைக் கலைச்சொல்லாக வைப்பது சரியாகாது.

அதற்குப் பதிலாக நம் வித்துவான்களின் வாயில் நாள்தோறும் புழங்கும் ‘கீழ்க்காலம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். கையில் போடும் ஆதி தாளம் மாறாமல் இருக்க, அதே கோர்வையை இரட்டை வேகத்தில் வாசித்தால் மேல்காலம். பாதி வேகத்தில் வாசித்தால் கீழ்க்காலம். இது ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுச் சொல்லும் சொல், தனி வேகத்தின் பெயர் அன்று என்ற மறுப்பு வரலாம். டவுன்டெம்போவும் ஒப்பிட்டுப் பிறந்த சொல்தானே? நிமிடத்துக்கு 120 அடிக்கு மேல் ஓடும் நடன அரங்க இசைக்கு எதிரிடையாக, ஏறத்தாழ 70 முதல் 110 வரை தணிந்து வருவதையே அப்படி அழைத்தார்கள். இபிசா தீவின் சான் அந்தோனியோவில் 1980இல் திறந்த கஃபே தெல் மார், ஆடுவதற்காக அல்லாமல் சூரியன் மறைவதைப் பார்த்தபடி உட்கார்ந்து கேட்பதற்கான இசைக்குப் பெயர் பெற்றது. 1994 முதல் அந்த இசை தொகுப்புகளாகவும் வந்தது. மேல்காலம் முடிந்து கீழ்க்காலத்துக்கு இறங்கும் இடம் அது.

‘கீழ்’ என்பது தாழ்வாகத் தொனிக்கிறதே என்று சிலர் ஐயம் எழுப்பலாம். பதினெண்கீழ்க்கணக்கை யாரும் தாழ்வாக எண்ணுவதில்லை. பொருள் பழகிவிட்டால் சொல் தன் இடத்தில் அமர்ந்துவிடும்.

இச்சொல்லின் பெரிய வசதி, எந்தப் பெயருக்கு முன்னும் அடையாகச் சேர்வது. மாலகா நகரத்துச் சம்பாவோ குழு 2002இல் அறிமுகமான தொகுப்பின் தலைப்பே ‘ஃபிளமெங்கோ சில்’. அவ்வகையைக் ‘கீழ்க்கால ஃபிளமெங்கோ’ எனலாம். பாரிஸிலிருந்து இயங்கிய கோத்தான் புராஜெக்ட் 2001இல் வெளியிட்ட முதல் தொகுப்பின் இசையைக் ‘கீழ்க்கால டேங்கோ’ எனலாம். கும்பியா என்ற கொலம்பிய நடன இசையின் மின்னணு வடிவங்களில் மெதுவாக நடப்பவை ‘கீழ்க்காலக் கும்பியா’. மொத்த வகைக்குக் ‘கீழ்க்கால மின்னிசை’ என்பதே போதும்.

ஒலிபெயர்ப்பில் ஓர் எச்சரிக்கை. அர்ஜென்டினாவின் டேங்கோ வேறு, ஃபிளமெங்கோவுக்குள் உள்ள தாங்கோஸ் வேறு. இரண்டையும் ‘டேங்கோ’ என்று எழுதினால் படிப்பவர் புவெனோஸ் ஐரெஸுக்கும் காதிஸுக்கும் இடையில் தவிப்பார். ஃபிளமெங்கோ வடிவத்துக்குத் தகரமும் இறுதி ஸகரமும் சேர்த்துத் ‘தாங்கோஸ்’ என்றே எழுதுவோம். அதுபோல ‘லத்தீன் இசை’ என்று மொட்டையாக எழுதினால் தேவாலயப் பாட்டு என்று கொள்வோரும் உண்டு. ‘லத்தீன் அமெரிக்க’ என்று முழுமையாக எழுதுவதே நல்லது.

குழுவில் உள்ள மிருதங்க, தவில் கலைஞர்கள் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்: ‘கீழ்க்கால’ என்று அடையாகச் சொல்லும்போது உங்கள் காதுக்கு அது இயல்பாக இருக்கிறதா, அல்லது ‘கீழ்க்காலத்து’ என்று சாரியையோடு சொல்லத் தோன்றுகிறதா? உங்கள் விடை வந்தபின் கலைச்சொல் பட்டியலில் ஏற்றலாம்.