மட்டாஞ்சேரி குறுகல் தெருவில் வண்டி நுழையத் தடை போடலாமா?

கிடங்குக்காரர் மகன்:
கொச்சியில் பிறந்து வளர்ந்த தமிழன் நான். அப்பா மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கெழுதினார். பஜார் ரோட்டிலும் யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் முடுக்குகளிலும் பகலில் காரும் டூரிஸ்ட் வேனும் நுழையவே கூடாது என்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அங்கே ஒரு பழைய கிடங்குக்குள் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? தெருப்பக்கம் ஒரு கதவு, நடுவில் இஞ்சி காயப்போடும் முற்றம், பின்னால் காயலைப் பார்த்த பெரிய வாசல். சரக்கு ஏறினதும் இறங்கினதும் அந்தப் பின்வாசலில், வள்ளத்தில். தெருவில் போனது கைவண்டியும் தலைச்சுமையும்தான். அதற்கு எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவு விட்டிருக்கிறார்கள். இப்போது ஒரு வேன் திரும்பினால் இறவாரத்து ஓடு நாலு கீழே விழுகிறது.

வாளையார் லாரி:
வாரம் ரெண்டு தடவை வத்தல் லோடு கொண்டு வர்றவன் நான். அண்ணா, பின்வாசல் கதை கேக்க நல்லா இருக்குங்க. இன்னிக்கு வள்ளத்துல சரக்கு இறக்க ஆள் எங்கே? தெருவை அகலப்படுத்தினா ஒரே வருசத்துல பிரச்சினை தீரும். 1889 ஜனவரியில சந்திரபானுங்கற கப்பல்ல பத்தின தீ கரைக்குத் தாவி பக்கத்துல ஃபோர்ட் கொச்சியில வீடும் கிடங்குமா எரிஞ்சுதே, அது மறந்துபோச்சா? நாளைக்கு ஒரு கிடங்கு பத்திக்கிட்டா ஃபயர் வண்டி எப்படி உள்ளே வரும்?

கிடங்குக்காரர் மகன்:
தீ பயம் எனக்கும் உண்டு தம்பி. சாக்கும் மரமும் வத்தலும் அடுக்கின இடம் அது. ஆனால் அகலப்படுத்துவது என்றால் முகப்புச் சுவரை இடிப்பது. வெட்டுகல்லும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பின சுவர்; உத்தரம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பத்தடி வெட்டினால் கட்டடமே போய்விடும். 1806-ல் ஆங்கிலேயர் கொச்சிக் கோட்டையை இடித்தார்கள். போனது போனதுதான், இன்று அங்கங்கே மிச்சம் கிடப்பதைத் தேடிப் பார்க்கிறோம். தீக்கு வேண்டியது தண்ணீர். அது காயலோரக் கிடங்குகளின் பின்னாலேயே அலையடித்துக்கொண்டிருக்கிறது. காயல் பக்கம் பம்பு வையுங்கள்.

தோபிகானா பேத்தி:
அண்ணா, கட்டடத்தைப் பற்றி இவ்வளவு பேசினீர்கள், உள்ளே குடியிருக்கிற மனுஷரைப் பற்றிப் பேசவில்லையே.

நாங்கள் ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் வெளுக்கிற குடும்பம். டச்சுக்காரர் பட்டாளத்துக்குத் துணி வெளுக்க எங்கள் ஆட்களைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று தாத்தா சொல்வார். இன்றும் கஞ்சி போட்டு, முறுக்கின கயிற்றுப் புரிக்குள் துணி முனையைச் சொருகித்தான் காயப்போடுகிறோம், கிளிப்பு கிடையாது. தேய்த்து முடித்த மூட்டை ஹோம்ஸ்டேக்கு ஆட்டோவில் போகிறது. ஆட்டோ கூடாது என்றால் அம்மா இந்த வயதில் தலையில் சுமப்பதா?

போன மழைக்காலம் மட்டாஞ்சேரி முடுக்கில் இருக்கும் சித்திக்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ் முனையிலேயே நின்றுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் விரல் என் தோளை அழுத்தினது இப்போதும் நினைவிருக்கிறது.

கிடங்குக்காரர் மகன்:
தங்கச்சி, சித்தி இப்போது நலமா? ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆம்புலன்ஸ் ஏன் நின்றது?

தோபிகானா பேத்தி:
நலம்தான் அண்ணா. முனையில் ஒரு டூரிஸ்ட் வேனை நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

கிடங்குக்காரர் மகன்:
அதைத்தான் சொல்கிறேன் அம்மா. அந்தத் தெருவில் ஆம்புலன்ஸ் நுழையும், வேனும் ஆம்புலன்ஸும் சேர்ந்து நுழையாது. ஊர் பார்க்க வருகிறவர்கள் நடக்கட்டும். 1568-ல் கட்டின யூதர் வழிபாட்டிடம், பரதேசி சினகாக் இருக்கும் முடுக்கில் நடந்துதானே போகிறார்கள், கடைகள் மூடிப்போகவில்லையே. 2023-ல் தொடங்கின வாட்டர் மெட்ரோ படகு ஃபோர்ட் கொச்சிக்கும் வந்துவிட்டது. குடியிருப்பவர் ஆட்டோவையும் உங்கள் மூட்டையையும் தடுக்கச் சொல்லவில்லை. முதலில் எழுதும்போதே அதைச் சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு.

வாளையார் லாரி:
லோடு?

கிடங்குக்காரர் மகன்:
காலை எட்டு மணிக்குள் இறக்கிவிடுங்கள் தம்பி.

வாளையார் லாரி:
வர்ற வழியில வாளையார்லயும் குதிரான்லயும் நெரிசல் இல்லாம இருந்தா வந்துரலாம். ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தா, லோடோட சாயங்காலம் வரைக்கும் நிக்கணுமா? அந்த நாள் கூலி யார் தருவாங்க?

தோபிகானா பேத்தி:
முனையில் கம்பித் தடுப்பு போடுவார்கள், பூட்டும் போடுவார்கள். ராத்திரி ரெண்டு மணிக்குச் சித்திக்கு மறுபடி மூச்சு முட்டினால் சாவி யார் கையில் இருக்கும் அண்ணா? தெருக்காரர் ஒருவர் கையிலேயே சாவி இருக்கும் என்றால் நானும் உங்கள் பக்கம்.