கிரே கிளிக்குப் பயணக் கூண்டு: கம்பியா, அக்ரிலிக்கா, பையா?

சாம்பல்வால்:
வணக்கம். வீட்டில் மூன்று வயது ஆப்பிரிக்க கிரே கிளி இருக்கிறான், எடை 450 கிராம். அடுத்த மாதம் அவனோடு காரில் ஆறு மணி நேரப் பயணம். மருத்துவரிடம் போவதற்கென்று ஒரு சின்னக் கம்பிக் கூண்டு வைத்திருந்தேன். போன வாரம் போகும்போது, மேலே தூக்கித் திறக்கும் அதன் கதவை அலகால் தூக்கித் தலையை நுழைத்து வெளியே வந்துவிட்டான். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே என் காலுக்குக் கீழே, பிரேக் பக்கத்திலிருந்து "ஹலோ" என்று குரல். வண்டியை ஓரங்கட்டிய பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை.

புதுசு வாங்கத்தான் வேண்டும். கம்பிக் கூண்டு, அக்ரிலிக் பெட்டி, முதுகில் மாட்டும் துணிப் பை, இந்த மூன்றில் எது பாதுகாப்பு? எதுவானாலும் இருப்பதிலேயே பெரியதை வாங்கலாம் என்று நினைக்கிறேன். அவ்வளவு நேரம் அடைத்து வைக்கப் பாவமாக இருக்கிறது.

கூட்டுக்காரன்:
பாவம் பார்த்துப் பெரியது வாங்காதீர்கள். வீட்டுக் கூண்டுக்குப் பார்க்கும் கணக்கு வேறு. காரில் சட்டென்று பிரேக் போட்டால் கிளி எவ்வளவு தூரம் போய் மோதும் என்றுதான் பார்க்க வேண்டும். கிரே தலையிலிருந்து வால் நுனி வரை ஏறக்குறைய 33 செ.மீ. இருக்கும். நிமிர்ந்து உட்காரவும், வால் உரசாமல் திரும்பவும் இடம் இருந்தால் போதும். சிறகைப் பாதி விரிக்க மட்டும் இடம் இருந்தால் பதறி அடித்துக்கொள்ளும். முளைத்து வரும் இறகுக்குள் ரத்தம் ஓடும். அது கம்பியில் பட்டு ஒடிந்தால் நடுவழியில் ரத்தத்தை நிறுத்தப் படாத பாடு படுவீர்கள்.

துணிப் பையை மறந்துவிடுங்கள். கிரேயின் அலகுக்கு ஜிப் எல்லாம் ஒரு விஷயமா?

ஒரு கேள்வி. பழைய கூண்டின் கம்பியில் வெள்ளையாகத் தூள் மாதிரி ஏதாவது படிந்திருக்கிறதா?

சாம்பல்வால்:
ஆமாம், எப்படிச் சொன்னீர்கள்? மூலைகளில் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது. தண்ணீர்க் கறை என்று நினைத்தேன். துடைத்தாலும் கொஞ்ச நாளில் திரும்ப வருகிறது.

கூட்டுக்காரன்:
அது துத்தநாகப் பூச்சாக இருக்கும். துரு பிடிக்காமல் இருக்க இரும்புக் கம்பிக்குப் பூசுவது. கிளி கம்பியில் ஏறுவதே அலகால் கவ்வித்தான், அப்போது அந்தத் தூள் உள்ளே போகும். துத்தநாகம் பறவைக்கு விஷம். வினிகரில் தேய்த்துக் கழுவினால் குறையும், முழுக்கப் போகாது. அந்தக் கூண்டை இனி தொடாதீர்கள். சோர்வு, வாந்தி, எச்சத்தில் மாற்றம் என்று ஏதாவது தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போய், கூண்டைப் பற்றியும் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

புதுசு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். காந்தம் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். பெயின்ட் அடித்த இரும்பில் சட்டென்று ஒட்டும், 304-இல் ஒட்டாது அல்லது லேசாக இழுக்கும், அவ்வளவுதான். கம்பி இடைவெளி கிரேக்கு முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை.

மழைக்கிளை:
காக்கட்டீல் மாதிரி சின்னக் கிளி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரு அங்குல இடைவெளியில் வாங்கிவிடாதீர்கள், தலை மாட்டிக்கொள்ளும். அதற்கு அரை அங்குலம்தான்.

அக்ரிலிக்கை அப்படி ஒதுக்க வேண்டாம் என்பேன். நான் நான்கு வருடமாக வைத்திருக்கிறேன். கடிக்கக் கம்பி இல்லை, உமி சீட்டில் சிதறாது. ஆனால் பக்கங்களில் தாராளமாகத் துளை இருக்க வேண்டும். வெயில் நேராகப் பட்டால் உள்ளே வெந்துவிடும். பறவைக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, சிறகை உடம்பை விட்டுத் தள்ளி வைத்துக்கொண்டாலோ உடனே குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றுங்கள். எந்தக் கூண்டாக இருந்தாலும் நிறுத்திய காரில் விட்டுவிட்டுப் போகவே கூடாது.

சாம்பல்வால்:
நன்றி. வெயில் நேரப் பயணம் என்பதால் கம்பியே எடுத்துக்கொள்கிறேன். காரில் எங்கே வைப்பது? முன் சீட்டில் வைத்தால் என்னைப் பார்த்துக்கொண்டு வருவான்.

கூட்டுக்காரன்:
முன் சீட் வேண்டாம், ஏர்பேக் வெடித்தால் கூண்டோடு நசுங்கும். பின் சீட்டில் வைத்து, பெல்ட்டைக் கூண்டைச் சுற்றி மாட்டிக் கையால் ஆட்டிப் பாருங்கள், அசையக் கூடாது. ஊஞ்சல், மணி எல்லாம் கழற்றிவிடுங்கள். உட்காரும் குச்சி சொரசொரப்பான மரமாக, தாழ்வாக, திருகி இறுக்கியதாக இருக்க வேண்டும். சும்மா செருகி வைக்கும் வகை முதல் வளைவிலேயே கழன்று விழும். அடித்தட்டு வலையை எடுத்துவிட்டுக் காகிதம் விரியுங்கள். தண்ணீர்க் கிண்ணம் சிந்தும், வழியில் வெள்ளரித் துண்டு கொடுங்கள், வண்டியை நிறுத்தும்போதெல்லாம் தண்ணீர் காட்டுங்கள். காரில் வாசனை டப்பா இருந்தால் இன்றே தூக்கி வெளியே வையுங்கள், பறவையின் நுரையீரல் அதைத் தாங்காது.

மழைக்கிளை:
கூண்டை இப்போதே வாங்கி வீட்டில் திறந்து வையுங்கள். பிடித்த தீனி அதற்குள் மட்டும்தான் என்று வைத்துவிட்டால் தானாக நுழைவான். அப்புறம் தெருவை ஒரு சுற்று, அப்புறம் அரை மணி நேரம். சில கிளிகளுக்குக் காரில் வாந்தி வரும், அதுவும் இதில் தெரிந்துவிடும்.

சாம்பல்வால் (மூன்று வாரம் கழித்து):
ஸ்டீல் கூண்டு வந்துவிட்டது. பக்கவாட்டில் திறக்கும் கதவு, தாழ்ப்பாள் உண்டு. மேலே ஒரு திருகு வளையமும் மாட்டினேன். நேற்று நாற்பது நிமிடம் ஓட்டினேன், வாந்தி இல்லை. மூன்று பக்கம் துணி போட்டதும் அமைதியாகிவிட்டான். அமைதிக்குக் காரணம் வீட்டுக்கு வந்ததும்தான் தெரிந்தது. நாக்கும் அலகுமாகத் திருகைப் பாதி கழற்றி வைத்திருக்கிறான். சாவிப் பூட்டு போட்டுவிடட்டுமா?

கூட்டுக்காரன்:
வேண்டாம் சார். ஏதாவது விபத்து என்றால் முன்பின் தெரியாத ஒருவர் அந்தக் கதவைத் திறக்க வேண்டியிருக்கும், சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கும். விரலால் அழுத்தித் திறக்கும் ஸ்பிரிங் கொக்கி போதும், அலகு எட்டாதபடி தாழ்ப்பாளின் வெளிப்பக்கத்தில் மாட்டுங்கள். அவனுக்குக் கழற்ற ஏதாவது வேண்டும் என்றால் உள்ளே ஒரு மரத்துண்டைப் போடுங்கள்.