தஞ்சாவூர் ஓவியம் விழுந்து ஸ்கர்ட்டிங் டைல்ஸ் பேந்துருச்சு

கேள்வி: அம்மா சீதனமாக் கொண்டுவந்த தஞ்சாவூர்க் கிருஷ்ணர் படம், தேக்குச் சட்டத்தோட ஆறு கிலோ இருக்கும். நேத்து ராத்திரி ஆணியோட பிடுங்கிக்கிட்டு விழுந்துருச்சு. படம் தப்பிச்சதே பெரிய நிம்மதி. கீழே, சுவரோரமாத் தரையை ஒட்டி இருக்குற ஸ்கர்ட்டிங் டைல்ஸ்ல கட்டைவிரல் நகம் அளவு சில்லு பேந்து, உள்ளே செம்மண் நிறம் தெரியுது. ஒரே ஒரு டைல்ஸுக்குக் கொத்தனார் யாரும் வரமாட்டேங்கிறாங்க. நானே அடைக்கலாமா?

பதில்: முதல்ல நாணயத்தால தட்டிப் பாருங்க அக்கா. பொத்துனு வெத்துச் சத்தம் வந்தா டைல்ஸ் சுவரை விட்டுருச்சு, மாத்தணும். கணீர்னு கேட்டா எபாக்சி புட்டி (ரெண்டு கட்டியா வரும், சேர்த்துப் பிசைஞ்சா இறுகிடுற பசை) போதும். வெள்ளை சிமெண்ட் வேணாம், துடைப்பம் பட்டுப்பட்டே உதிர்ந்துரும். ரெண்டு கட்டியையும் ஒரே நிறம் வர்ற வரைக்கும் பிசைஞ்சு, கொஞ்சம் மேடா அப்பி, மறுநாள் 400 நம்பர் உப்புத்தாள்ல தேய்ங்க. அப்புறம் பெயிண்ட்.

கேட்டவர்: கணீர்னுதான் கேக்குது தம்பி!

இன்னொரு பதில்: மறுபடி ஆணியில மாட்டாதீங்கம்மா. பூச்சைத் தாண்டிச் செங்கல் வரைக்கும் துளைச்சு, பிளக் (ஸ்குரூவை இறுக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் குழல்) வச்சு ரெண்டு ஸ்குரூ போடுங்க. படத்துல பதிச்சிருக்குற கல் ஏதும் ஆடுதான்னும் பாத்துருங்க.