பல் சொத்தை: ஊரில் எப்படி, சிங்கப்பூரில் எப்படி? அனுபவம் சொல்லுங்கள்

ஈசூன் அம்மா:
மகள் தொடக்கநிலை இரண்டு. பள்ளிப் பல் மருந்தகத்திலிருந்து தாள் வந்திருக்கிறது, கடைவாய்ப் பல்லில் சொத்தை ஆரம்பமாம். "பால் பல்தானே, விழத்தானே போகுது" என்கிறார் மாமியார். பள்ளியில் பார்த்தவரோ, பால் கடைவாய்ப் பல் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியது, முன்னாடியே போனால் அடியில் வரும் பல் இடம் தெரியாமல் கோணும் என்றார். இரவு துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பேஸ்டில் உள்ள, சொத்தையைத் தடுக்கும் புளோரைடும் போய்விடும் என்றும் சொன்னார். நான் திருநெல்வேலியில் படித்தவள். எங்கள் பள்ளியில் யாரும் வாயைத் திறக்கச் சொன்னதே கிடையாது. மற்ற ஊர்களில் எப்படி?

தேக்கா தாத்தா:
எங்கள் காலத்தில் வாயைத் திறக்கச் சொன்னதோடு விடவில்லையம்மா. 1969-இல் பல் துலக்கும் இயக்கம் வந்தது. இடைவேளை முடிந்ததும் வகுப்பே வடிகால் ஓரம் வரிசையாகக் குந்தும். ஒரு கையில் பிளாஸ்டிக் குவளை, மறு கையில் பிரஷ். ஆசிரியர் சொல்லச் சொல்ல மேல் பல், கீழ் பல், அப்புறம் எல்லாரும் வடிகாலில் துப்ப வேண்டும். பக்கத்துப் பையன் காலில் தெறிக்காமல் துப்புவது தனிக் கலை.

அதற்கும் முன்னாலேயே, 1956-இல் தொடங்கி 1958-க்குள் தீவு முழுக்கக் குழாய்த் தண்ணீரில் புளோரைடு கலந்தாகிவிட்டது. ஒரு நாடு முழுவதற்கும் அப்படிச் செய்தது ஆசியாவிலேயே இங்கேதான் முதலில். அப்பாவுக்கு அது தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் "குடிக்கிற தண்ணியில மருந்தா" என்று சண்டைக்கே போயிருப்பார். கோபால் பல்பொடியை விடாமல் தேய்த்த மனிதர். இங்கே பாதி வேலையை மக்களைக் கேட்காமலே தண்ணீர் செய்தது என்பதே என் கணக்கு.

தர்மபுரிக்காரன்:
ஐயா, நீங்கள் கலந்து குடித்ததை நாங்கள் கலக்காமலே குடித்தோம். எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு பாறையிலிருந்தே கரைந்து வரும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் இருந்த கிணறுகள் எங்கள் வட்டாரத்தில் ஏராளம். என் முன்பல்லில் பழுப்புக் கோடுகள் இருக்கும். சிங்கப்பூர் வந்து துவாஸில் வேலைக்குச் சேர்ந்தபோது சூப்பர்வைசர் கேட்ட முதல் கேள்வி, "பாக்கு போடுவியா?" இது கறை இல்லை அண்ணே, பல் ஈறுக்குள் உருவாகும்போதே அதிகப் புளோரைடால் படிந்தது, தேய்த்தால் போகாது என்று விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. சொத்தை வேறு, இது வேறு. ஊரில் சில பெரியவர்களுக்கு எலும்பிலும் இறங்கி முதுகு வளையாது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் திறந்தபிறகு காவிரித் தண்ணீர் வருகிறது. அக்கா பிள்ளைகளுக்குப் பல் வெள்ளையாக முளைத்திருக்கிறது. ஆனால் கடை மிட்டாய் தாராளம், இப்போது சொத்தை எட்டிப் பார்க்கிறது.

கோத்தன்பர்க் ரிட்டர்ன்:
மிட்டாய் என்றதும் ஸ்வீடன்தான் ஞாபகம் வருகிறது. அங்கே பல வீடுகளில் பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும். கடையில் பையோடு நின்று கரண்டியால் அள்ளுவார்கள், அளவு பார்த்தால் மயக்கமே வரும்! எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை முறை தின்கிறோம் என்பதே பல்லைக் கெடுக்கிறது என்று 1940-களில் அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயில் அமிலம் ஊறுமே. ஆனால் அந்த ஆராய்ச்சியை லுண்ட் நகரில், மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில் இருந்தவர்களுக்கு வேண்டுமென்றே ஒட்டும் டாஃபி கொடுத்து நடத்தினார்கள். அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. நல்ல பழக்கம்தான், பிறந்த கதை கேவலம்.

ஈசூன் அம்மா:
அப்படியானால் எங்கள் வீட்டில் கெடுப்பது, பள்ளி முடிந்து வரும்வரை அவள் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும் மைலோ சாக்லேட் பானப் பாக்கெட். வாங்கும்போது இங்கே பாக்கெட்டில் ஏ, பி, சி, டி என்று போட்டிருக்கும் சர்க்கரைத் தரம் பார்க்கிறேன், எவ்வளவு நேரம் குடிக்கிறாள் என்று பார்த்ததில்லை. தம்பி, உங்கள் ஊரில் பிள்ளைகளுக்குப் பேஸ்ட் எவ்வளவு வைக்கச் சொல்கிறார்கள்?

தர்மபுரிக்காரன்:
மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அப்புறம் பட்டாணி அளவு. விழுங்காமல் துப்புகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்க்கணும் அக்கா.