பர்க் எந்த நாளில் டோரி ஆனார்?

கல்வெட்டுநேசன்:
நேற்று இங்கே வைகைக்கரையான் இட்ட நெடும்பதிவில், 'டோரி கட்சியைச் சேர்ந்த எட்மண்ட் பர்க் 1790-இல் பழமைவாதத்தைத் தோற்றுவித்தார்' என்று ஒரு வரி இருக்கிறது. பாராட்டிப் பின்னூட்டம் இட்டவர்களில் ஒருவருக்குக்கூட அந்த வரி உறுத்தவில்லை என்பதால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரும் அரசியல் சிந்தனையாளருமான பர்க் 1765-இல் ராக்கிங்ஹாம் பிரபுவின் அந்தரங்கச் செயலாளராகச் சேர்ந்தவர். அந்தப் பிரபு, டோரிகளுக்கு எதிரணியான விக் அணியின் தலைவர்; மன்னரின் அதிகாரத்துக்கு நாடாளுமன்றம் கடிவாளமிட வேண்டும் என்றவர்கள் விக்குகள், மன்னர், திருச்சபை பக்கம் நின்றவர்கள் டோரிகள். வென்டோவர், பிரிஸ்டல், மால்டன் ஆகிய தொகுதிகளின் உறுப்பினராக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மக்களவையில் இருந்த காலத்தில் பர்க் தம்மை டோரி என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் போதும். நான் வேறொன்றும் கேட்கவில்லை.

வைகைக்கரையான்:
ஐயா, அந்தப் பதிவில் நான் எழுதியவற்றுள் உங்கள் கண்ணில் பட்டது அந்த ஒரு சொல்தானா? சமுதாயம் என்பது உயிரோடிருப்பவர்கள் மட்டும் செய்துகொண்ட உடன்படிக்கை அன்று, இறந்தவர்களும் இனிப் பிறக்கப்போகிறவர்களும் அதில் பங்காளிகள் என்ற பர்க்கின் கருத்தை விளக்கியிருந்தேன். பல தலைமுறைகளாக நின்று பயன்பட்ட ஓர் அமைப்பை, ஒரு தலைமுறையின் தருக்கத்தை மட்டும் நம்பி இடித்துத் தள்ளக் கூடாது என்று அவர் ஏன் சொன்னார் என்றும் எழுதியிருந்தேன். படையைத் தன்பால் ஈர்க்கத் தெரிந்த ஒரு தளபதியின் கையில் பிரான்ஸ் போய்ச் சேரும் என்று அவர் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எழுதிய நூலில் 1790-இலேயே எச்சரித்ததையும், 1799-இல் நெப்போலியன் வந்ததையும் எடுத்துக் காட்டியிருந்தேன். இலை நிறையப் பரிமாறியிருக்க, நீங்கள் சோற்றில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். டோரி என்று நான் குறித்தது அவருடைய மனப்போக்கை.

கல்வெட்டுநேசன்:
'டோரி கட்சியைச் சேர்ந்த' என்று எழுதிவிட்டு மனப்போக்கு என்கிறீர்கள். மனப்போக்குக்குக் கட்சி ஏது?

திண்ணைவாசி:
குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள வேண்டும். பழமைவாதம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளலாமே. மாற்றத்துக்கு வழியில்லாத அரசு தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லாதது என்று சொன்னவர் பர்க். அரியணையும் திருச்சபையும் சேர்ந்த அதிகாரத்தையே எல்லாவற்றுக்கும் அடித்தளமாக்கியவர், அதே புரட்சியை எதிர்த்த ஜோசப் தெ மேஸ்த்ர். இந்த இருவரையும் ஒரே சொல்லால் அழைப்பது சரிதானா?

செங்காந்தள்:
உங்கள் இருவருக்கும் கட்சிப் பெயர்தான் கவலை. 1789 அக்டோபரில் ரொட்டி இல்லாமல் பாரிஸ் நகரப் பெண்கள் வெர்சாய் வரை மழையில் நடந்தார்கள். பர்க் கண்ணீர் விட்டதோ மேரி அந்துவானெத் அரசிக்காக. இறகின் அழகுக்கு இரங்கி, சாகும் பறவையை மறந்துவிட்டார் என்று, புரட்சியை ஆதரித்த தாமஸ் பெய்ன் 1791-இல் எழுதியதற்கு இன்றுவரை ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. அந்த அரசிக்காக அழுத மனிதருக்கு அரசாங்கம் பிற்பாடு ஓய்வூதியமும் தந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வைகைக்கரையான்:
தோழர் வந்துவிட்டார், இனி ஓய்வூதியக் கணக்கும் வரும். பர்க் வாங்கிய ஓய்வூதியத்தைப் பழித்த பெட்ஃபோர்டு கோமகனுக்கு, அவருடைய நிலங்கள் மன்னர் எட்டாம் ஹென்றி அவருடைய முன்னோருக்கு வாரிக் கொடுத்தவைதாமே என்று பர்க் 1796-இல் சுடச்சுட விடையளித்தார். அதைப் படித்துவிட்டு வாருங்கள்.

செங்காந்தள்:
படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். நீண்டகால அனுபவ பாத்தியதை, அதாவது நெடுநாள் கையில் வைத்திருந்ததால் வரும் உரிமை, சொத்துரிமையைப் புனிதமாக்கிவிடும் என்பதுதானே உங்கள் பர்க்கின் அடிப்படைக் கொள்கை? 1789 நவம்பரில் பிரெஞ்சுச் சபை திருச்சபை நிலங்களை எடுத்துக்கொண்டபோது அவர் கொதித்ததும் அதனால்தான். ஆனால் பெட்ஃபோர்டின் நிலங்களில் பெரும்பகுதி மடங்களிலிருந்து பறித்தவைதாம். தம்மை ஒருவர் சீண்டியதும், இருநூற்றைம்பது ஆண்டு அனுபவத்தைத் தோண்டி அதன் வேரிலிருந்த களவைக் காட்ட அவருக்கு முடிந்தது. அதையே பிரெஞ்சுக் குடியானவன் செய்தால் மட்டும் அராஜகமா?

கல்வெட்டுநேசன்:
செங்காந்தள், உங்கள் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அது இந்த இழைக்கு உரியது அன்று. இங்கே கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பர்க் எந்த நாளில் டோரி ஆனார்? அமெரிக்கக் குடியேற்றங்களோடு சமரசம் செய்துகொள்ளும்படி 1775 மார்ச் 22-ஆம் நாள் அவையில் பேசினாரே, அன்றா? வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான குற்றவிசாரணையை 1788 முதல் 1795 வரை இழுத்துச் சென்றாரே, அப்போதா? 1688-இல் இங்கிலாந்து தன் மன்னரை மாற்றியதைத் தம் அரசியலின் அடித்தளமாகக் கொண்டவர் அவர். அரசரைத் தேர்ந்தெடுக்கவும் நீக்கவும் அந்த நிகழ்ச்சி மக்களுக்கு உரிமை தந்துவிட்டது என்று 1789 நவம்பரில் ரிச்சர்ட் பிரைஸ் என்ற சமய போதகர் சொன்னதை மறுக்கத்தான் 1790-இன் நூலையே தொடங்கினார். அவர் மறுத்தது பிரைஸ் சொன்ன பொருளைத்தான், 1688-ஐ அன்று. 'கன்சர்வேட்டிவ்' (பழமைவாதி) என்ற பெயரே 1818-இல் சாதோப்ரியான் நடத்திய பிரெஞ்சு இதழின் மூலம்தான் அரசியலில் வேர்பிடித்தது. பிரிட்டனில் ஒரு கட்சி அதைச் சூடிக்கொண்டது 1830-களில். பர்க் இறந்தது 1797-இல்.

வைகைக்கரையான்:
ஆண்டுகளைப் பற்றி எனக்குப் பாடம் நடத்துகிறவர், போன மாதம் இதே இடத்தில் கன்சர்வேட்டிவ் தலைவர் ராபர்ட் பீலின் டாம்வொர்த் தேர்தல் அறிக்கையை 1832 என்று எழுதியவர் என்பதை மற்றவர்களுக்கு நினைவூட்டுகிறேன். அது 1834. சுட்டிக்காட்டியபோது 'கை தவறியது' என்றார். அவருக்குத் தவறினால் கை, எனக்குத் தவறினால் அறிவு.

கல்வெட்டுநேசன்:
அன்றே திருத்திவிட்டேன். நீங்களும் திருத்துங்கள்.

திண்ணைவாசி:
வரையறை பற்றி நான் கேட்டது அப்படியே நிற்கிறது.

செங்காந்தள்:
ஹேஸ்டிங்ஸ் பெயரைச் சொன்னதும் பர்க் இந்தியர்களின் காவலர் ஆகிவிடுகிறார். அவருடைய நெருங்கிய உறவினர் என்று சொல்லப்பட்ட வில்லியம் பர்க், தஞ்சை மராட்டிய அரசரின் முகவராக இருந்து சம்பளம் வாங்கியவர். ஆர்க்காட்டு நவாபுக்கும் தஞ்சைக்கும் நடந்த வழக்கில் எட்மண்ட் பர்க் எந்தப் பக்கம் நின்றார் என்று சொல்லவும் வேண்டுமா?

கல்வெட்டுநேசன்:
வில்லியம் பர்க் முகவராக இருந்தது உண்மைதான். அதற்காக 1785 பிப்ரவரி 28-ஆம் நாள் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பர்க் பேசியதைக் கூலிப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. பால் பென்ஃபீல்டு போன்ற கிழக்கிந்தியக் கும்பினி ஊழியர்கள் நவாபுக்குக் கடன் கொடுத்ததாகக் காட்டிய கணக்கை விசாரிக்காமலே, நவாபின் ஆட்சிப்பகுதியான கர்நாடகத்தின் வரிப்பணத்திலிருந்து தீர்க்கும்படி பிரதமர் பிட்டின் அரசாங்கம் ஆணையிட்டதை எதிர்த்த பேச்சு அது. ஒரு நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதில் மட்டும் 1,100-க்கும் மேற்பட்ட ஏரிகளைத் தாமே எண்ணிப் பார்த்ததாகச் சொன்னார். கர்நாடகத்திலும் தஞ்சையிலும் பெரிய, நடுத்தர ஏரிகள் 10,000-க்குக் குறையாது என்றார். அந்த ஏரிகளை வெட்டியவர்களே குடிகளுக்குத் தந்தையான மெய்யான அரசர்கள் என்றும், தம் காலத்துக்குப் பிறகு வரப்போகிறவர்களையும் எண்ணி வெட்டினார்கள் என்றும் போற்றினார். இறந்தவர்களும் பிறக்கப்போகிறவர்களும் பங்காளிகள் என்று வைகைக்கரையான் உருகுகிறாரே, அந்தக் கருத்து பிரெஞ்சுப் புரட்சிக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர் ஏரிக்கரையில் நிற்கிறது. அதைச் சொன்னவர் எதிர்க்கட்சி விக்.

வைகைக்கரையான்:
பாருங்கள், ஏரியைப் பற்றி இவ்வளவு அழகாக எழுதத் தெரிந்தவர், அதன் முடிவில் 'விக்' என்று ஒரு முளையை அடிக்காமல் இருக்க முடியவில்லை. ஏரியைக் காக்க வேண்டும் என்று நினைப்பதுதான் ஐயா நான் சொன்ன மனப்போக்கு. விக் என்ற சட்டைக்குள் இருந்த உடம்பு எது என்பதுதான் கேள்வி. 1791 மே 6-ஆம் நாள் அவையிலேயே விக் தலைவர் சார்லஸ் ஃபாக்ஸோடு நட்பு முறிந்ததாகப் பர்க் அறிவித்தார், ஃபாக்ஸ் அழுதார். அதன்பின் அவர் எந்தக் கட்சி?

கல்வெட்டுநேசன்:
அதன்பின்னும் விக். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே, புதிய விக்குகளிடமிருந்து பழைய விக்குகளிடம் முறையிடுவதாகத்தான் அமைந்திருக்கிறது. ஒருவர் தம் நூலின் அட்டையில் தம் கட்சியை அச்சிட்டுக் கொடுத்தும், இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு நீங்கள் அவருக்கு வேறு கட்சி ஒதுக்குகிறீர்கள்.

செங்காந்தள்:
பெட்ஃபோர்டு நிலங்களைப் பற்றி நான் கேட்டதற்கு இருவருமே வாய் திறக்கவில்லை.

வைகைக்கரையான்:
பெட்ஃபோர்டும் விக்தான் தோழர், அவர் நிலத்தைக் கல்வெட்டுநேசனிடம் கேளுங்கள். பழைய விக்குகள் 1794-இல் போர்ட்லண்ட் கோமகனோடு பிட் அமைச்சரவைக்குள் போய் அமர்ந்தார்கள். பிட்டின் வழிவந்தவர்களைத்தான் அடுத்த தலைமுறை டோரி என்றது. என் பதிவில் அந்தச் சொல் அப்படியே இருக்கும்.

கல்வெட்டுநேசன்:
பிட்டும் தம்மை டோரி என்று சொல்லிக்கொண்டதில்லை. அடுத்த தலைமுறை வைத்த பெயரை எடுத்துக்கொண்டு 1790-க்குப் போகிறீர்கள். எந்த நாள் என்று கேட்டேன், விடை இன்னும் வரவில்லை.